வாலில் ஒரு கறுப்பு முடி

என் சித்தப்பா அருங்காட்சியகத்தில் இலைப்பேன்களை இனம் பிரிப்பவர். இலைப்பேன் என்றால் தலையில் ஊறுவதல்ல. செடிகளில் வாழும், ஒரு கமா அளவே உள்ள பூச்சி. இதை விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கல்யாணமான புதிதில் சித்தியின் அக்காவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாராம்.

அவ்வளவு சின்னதை விரலால் எடுக்க முடியாது. தூரிகையும் நசுக்கிவிடும். அதனால் தீக்குச்சி நுனியில் ஒரு இமை முடியை ஒட்டி, அதைக்கொண்டு தூக்குவார். அவருடைய இமை கட்டை. சித்தியுடையது நீளம், நல்ல வளைவு. இருபத்திரண்டு வருஷமாக சித்திக்கு ஒரு இமை முடி உதிர்ந்தால் வீடே அல்லோலகல்லோலப்படும். "அசையாதே, மூச்சு விடாதே!" என்று கத்திக்கொண்டு சித்தப்பா சிமிழோடு ஓடிவருவார். பதிலுக்கு ஒரே வாக்குறுதி: புது இனம் கிடைத்தால் சித்தியின் பெயர்.

கிடைக்கவே இல்லை. நான் ஊர்சுற்றி முடித்துத் திரும்பியபோது, ஒரு தீவில் காய்ந்த கிளைகளை விரித்த குடைக்குள் தட்டி, விழுந்த பூச்சிகளைச் சேர்த்த குப்பியை அவரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஃபோன்.

"அந்தத் தீவுல ஒரே இனம்தான்னு நெனச்சிருந்தோம்மா. என்னைக்கோ காத்துல அடிச்சிட்டு வந்த ஒரு பூச்சியோட வம்சம். இது அந்த வம்சமே இல்ல! வால்ல இவ்ளோ நீள முடி அந்தக் குடும்பத்துல எவளுக்கும் கிடையாது. ஒண்ணுவிட்ட பெரியப்பா வழி!"

சித்தி தெரு முழுக்கச் சொன்னார். தையல்காரரிடம் இரண்டு தடவை. புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை நானும் சித்தப்பாவோடு இருந்தபோது சித்தி, கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு, தன் பூச்சியைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டார். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவில்லை.

"ஏங்க, மத்த முடியெல்லாம் பழுப்பா இருக்கு. இது மட்டும் ஏன் கன்னங்கரேல்னு இருக்கு?"

"அதாம்மா அதோட சிறப்பு!"

"சிறப்பா? அது என் கண்மைங்க."

சித்தப்பா இழுப்பறையைத் திறந்து தீக்குச்சியை எடுத்தார். அதிலிருந்த இமை முடியின் நுனி முறிந்திருந்தது. பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பிசினுக்குள் பதித்தபோது அந்த நுனியும் உள்ளே மாட்டி, வாலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரியப்பாவும் இல்லை, ஒண்ணுவிட்டதும் இல்லை. அதே பழைய குடும்பத்துப் பெண்.

"இப்ப தையல்காரர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார் சித்தி.

சித்தப்பா தீக்குச்சியை இழுப்பறையில் போட்டு மூடினார். சித்தி மறுபடி குனிந்து பார்த்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"சேச்சே. இங்க வந்தது எதையும் போடக்கூடாது. சீட்டு ஒட்டி அலமாரில வைக்கணும். நூறு வருஷம் இருக்கும்."

"அப்ப என் முடிக்கும் சீட்டு எழுதுங்க. என் பேர் போட்டு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து, தகட்டின் வலது ஓரத்துச் சீட்டில் மணிமணியாக எழுதினார்: முதலில் சித்தியின் முழுப்பெயர். அதன் கீழே, 'கிடைத்த இடம்: இடது கண், மேல் இமை. சேகரித்தவர்: கணவர்.'

சித்தி எட்டிப் பார்த்தார்.

"வலது கண்ணுங்க," என்றார்.

சித்தப்பா அடித்துத் திருத்தினார்.