எழும்பூரில் ரயில் ஏறிய குற்றாலத்துப் பிள்ளைகள்

தென்காசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம். முதல் வாரமே பதினோராம் வகுப்புக்குக் ‘குற்றாலத்தில் ஒரு நாள்’ என்று கட்டுரை கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் குற்றாலம், இலஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள். அருவியைத் தினம் பார்ப்பவர்கள். ஆசையோடு நோட்டுகளைத் திறந்தால், அத்தனை பேரும் எழும்பூரில் ரயில் ஏறியிருந்தார்கள். மறுநாள் காலை தென்காசியில் இறங்கி, ஜட்கா பிடித்து, இயற்கை அன்னையைக் கண்டு வியந்து நின்றார்கள். மெட்ராஸில் அச்சடித்த நோட்ஸில் அப்படித்தான் இருந்ததாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தலைமையாசிரியை அம்மாளிடம் போய் முறையிட்டேன்.

“மார்க் வருதுல்லா? அவளுவ எங்கன ஏறுனா நமக்கென்ன?” என்றார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பெயிலான பெண்ணுக்குக் கையோடு கல்யாணம் பேசி முடிக்கிற ஊர். அதனால் பிள்ளைகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். பரீட்சையில் தாராளமாக எழும்பூரில் ஏறலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மட்டும் யாரும் ரயில் ஏறக்கூடாது. தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். மார்க்கும் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது.

முதலில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருத்தி, சாரலில் காயாத பாவாடையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, புகை வாடையோடு பள்ளிக்கு வந்த கதையை எழுதினாள். வாசித்ததும் வகுப்பே சிரித்து உருண்டது. அதற்கப்புறம் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அவர்களில் குற்றாலத்துப் பெண் ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடுங்கத்தான் வேண்டும். பாஸானால் டீச்சர் ட்ரெயினிங், பெயிலானால் அத்தை மகன் என்று அவள் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அத்தை மகன் நல்லவன்தான். அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்ப் பரீட்சையில் அதே குற்றாலம் வந்தது. வெளியே வந்த பிள்ளைகள் துள்ளினார்கள்.

“எல்லாரும் ரயில் ஏறியாச்சு டீச்சர்!”

அவள் மட்டும் ஒதுங்கி நின்றாள். “நீ ஏறலையா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். எங்க வீட்டப் பத்தி எழுதிட்டேன்.”

சீசன் வந்தால் அவர்கள் வீட்டை, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பமே பின்பக்கத்து மாட்டுத் தொழுவுக்குப் போய்விடுமாம். சொந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டி, வெந்நீர் வேணுமா என்று கேட்கிற பெண்ணின் குற்றாலத்தை எழுதியிருக்கிறாள். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, இயற்கை அன்னை பக்கத்திலேயே வரவில்லை. திருத்துகிறவர் எந்த ஊர்க்காரரோ, எப்படிப்பட்டவரோ. இவள் கழுத்தில் தாலி ஏறினால், அதற்குத் தாம்பூலம் மாற்றியது என் வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கும். ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை.

பேப்பரில் அவள் நம்பர் இருந்தது. நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். மார்க் வந்தபோது மற்ற பாடங்களெல்லாம் ஜோராக இருக்க, தமிழ் மட்டும் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தது.

சாரல் தொடங்கிய சமயம், ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்ததைச் சொல்ல வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தமிழ் மார்க்கை நினைத்து மனசு ஆறவில்லை.

“நோட்ஸ்ல உள்ளத எழுதியிருந்தா நல்ல மார்க் வந்திருக்கும்லா, ஏட்டி?”

“வந்திருக்கும் டீச்சர்” என்று சிரித்தாள். “ஆனா, தொழுவுல கிடக்கோம்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? பரீட்சைப் பேப்பர்னா, யாரோ ஒருத்தர் உக்காந்து கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆவணும்?”