பரணில் கட்டிய ஏரியல்

வெயில் ஏறிய ஓட்டுக்கு அடியில் தலையை நுழைத்தால் கருவாட்டு வாசனையும் எலிப் புழுக்கை நாற்றமும் சேர்ந்து மூச்சை அடைக்கும். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பரண் அப்படி. அறுபதுகளின் கடைசியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எங்கள் அப்பா, எங்களுக்கு ‘நைனா’, அந்தப் பரணில்தான் ரேடியோவுக்கு அலை பிடிக்கும் ‘ஏரியல்’ கம்பியைக் கட்டத் தொடங்கினார். “ஓடு பழசா கீது, ஏறுனா ஒடையும்” என்று கூரைமேல் மூங்கில் நட வீட்டுக்காரர் விடவில்லை.

ரேடியோ வாங்கியதே ஸ்டெல்லா அக்காவுக்காக. மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்த அவளும் இன்னும் நான்கு பெண்களும் வானொலி நிலையத்தில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒலிபரப்பாகுமாம். “கொரகொரன்னு கேட்டுச்சுன்னா உங்கூட பேசமாட்டேன் நைனா” என்று அக்கா கீழே நின்று செம்புக் கம்பியைப் பிரித்துக் கொடுக்க, அன்று நைனா ஒரு முனையை மட்டும் உத்தரத்தில் கட்டினார். மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள். டிசம்பர் பிறப்பதற்குள் அவளைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டோம்.

அதன்பிறகு நைனா பரண் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டு வரவேண்டிய நாளன்று சாயங்காலம் அம்மாதான் ஏணியைச் சாய்த்தாள்.

“வேணாம் மேரி. அத்த கேட்டுக்கினு நம்மால உக்கார முடியாது.”

“நாம கேக்கலன்னா அவ யாருக்குப் பாடுனா?” என்றபடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஏறினாள். நைனா கம்பியின் மறுமுனையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பாட்டு இரைச்சலே இல்லாமல் வந்தது. ஐந்து குரல்களும் ஒன்றாகவே ஒலித்தன. “இதோ, இது அவ” என்று ரேடியோவின்மேல் உள்ளங்கையை வைத்தாள் அம்மா. ஆறு வயதான எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். பாட்டு முடிந்ததும் நைனா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. பல வருஷம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டு வானொலி நிலையத்தில் நான் விசாரித்தபோது, பழைய ஒலிநாடாக்களின்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவது அக்கால வழக்கம் என்றார்கள். நைனாவுக்குப் பின் அம்மாவும் போய்விட்டாள். அக்கா எப்படிப் பாடுவாள் என்று எனக்குச் சொல்ல இன்று வீட்டில் ஒருவரும் இல்லை.