நாற்பத்தெட்டு ஏறிய பகல்

பதினாறு வீடுகள் உள்ள அந்தக் கட்டடத்தின் வயர்மேனைக் குழந்தைகள் ‘ஃபியூஸ் மாமா’ என்றுதான் கூப்பிடும். கீழ்த்தள அறையில் குடியிருப்பு. பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை அந்தக் குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி. வாய்க்காரி.

“ஊரு வீட்டு லைட்டெல்லாம் ஜோரா எரியுது, நம்ம வீட்டு ட்யூப்லைட்டு மட்டும் கண்ணடிக்குது” என்று சீண்டுவாள்.

“நாளைக்குப் பாக்கறேன்” என்பார். அந்த நாளை வரவே இல்லை. போன கோடையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருடம் கட்டடத்தின் மெயின் பிரேக்கர் காரணமில்லாமல் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்க ஆரம்பித்தது. புதிதாக எத்தனை ஆம்பியரில் போடுவது? ஒவ்வொரு மாதமும் கட்டடம் உச்சமாக இழுத்த சுமையை, தேதியோடு, மீட்டர் குறித்து வைத்திருக்கும். பன்னிரண்டு மாத ரீடிங்கில் எது பெரிதோ அதை எடுத்து, ஆம்பியராக மாற்றி, கால் பங்கு கூட்டிப் போட வேண்டும். அதில் அவர் கறார்.

பதினோரு மாதங்கள் முப்பத்தாறு கேவிஏ-வைத் தாண்டவில்லை; அதற்கு அறுபத்துமூன்று ஆம்பியர் போதும். ஒரு மாதம் மட்டும் நாற்பத்தெட்டு; அதற்கு நூறு ஆம்பியர் வேண்டும்.

“மீட்டர் கோளாறா இருக்கும், அதை அடிச்சிடுங்க” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். “அறுபத்திமூணு ஆம்பியரே போதும், இருக்கற பெட்டியிலயே உட்காந்துடும். நூறுன்னா சுவரை உடைக்கணும், பகல் பூரா கரண்ட் இருக்காது. இல்லன்னா ஒரு மாசம் பொறுங்க. பன்னெண்டு மாசம் தாண்டினா அது தானா லிஸ்ட்ல இருந்து போயிடும்.”

அடித்துவிட்டால் நிம்மதி என்று வயர்மேனுக்கும் தோன்றாமல் இல்லை. பேனாவை எடுத்தார். கை வரவில்லை.

“கோளாறு இல்ல சார். என் வீட்டுக்காரி போன அன்னிக்கு ஏறினது.”

செயலாளருக்கு நினைவு வந்தது. வெயில் கொளுத்திய அந்தப் பகலில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. வந்த சனத்தை உட்கார வைக்கப் பதினாறு வீட்டிலும் கதவைத் திறந்து ஏசியைப் போட்டிருந்தார்கள். லிஃப்ட் நிற்கவே இல்லை.

“நூறே போடுங்க” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் சுவரை உடைத்துப் பெட்டியை மாற்றினார். பொழுது சாயும்போது புதுப் பிரேக்கரை மேலே தள்ள, எல்லா வீட்டிலும் விளக்கு வந்தது. தன் அறைக்குத் திரும்பினார். ட்யூப்லைட் கண்ணடித்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைக் கழற்றி வேறொன்றைத் திருகினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் அவளுக்காக அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. விளக்கு அசையாமல் எரிய, ஸ்டூலை விட்டு இறங்காமலே அழுதார்.