ஹெல்கா அன்ரி எழுதாமல் விட்ட பக்கம்

ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடிந்து கிழக்கு லண்டன் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது செல்வி அக்காவின் அழைப்பு வந்தது. எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துபவர் அவர்.

"தம்பி, ஹெல்கா அன்ரி போயிட்டா. மத்தியானம்தானாம். நித்திரையிலயே."

"ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். பிளாட்பாரத்து வாங்கில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கால்தான் வலித்தது.

எங்கள் ஞாயிறு பூசைக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஓர்கன் முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் அன்ரி. ஆனால் அவர் சொந்தமாக இசை எழுதுகிறவர் என்பதும், வயலின்களுக்கும் செலோக்களுக்குமாக அவர் எழுதிய பெரிய படைப்புகளில் ஜாஸ் ஊறியிருந்தது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்போமோ தெரியாது.

எங்கள் வழக்கமான ஓர்கன்காரர் வராத ஒரு ஞாயிறு, ஆங்கிலப் பூசைக்கு வாசித்து முடித்துப் புறப்பட்ட ஹெல்கா அன்ரியை மறித்து உட்காரவைத்தோம். முதல் சரணத்தை நாங்கள் கேட்டபடி அடக்கமாக வாசித்தார். இரண்டாவது சரணத்தில் பாட்டு அப்படியே இருக்க, அதன் அடியில் வேறு ஏதோ அசையத் தொடங்கியது. தாளம் ஒரு மயிரிழை பின்தங்கி வந்தது. பாடிக்கொண்டிருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் செல்வி அக்கா நேரே அவரிடம் போய்விட்டார்.

"அன்ரி, இது என்ன, கிளப் பாட்டு மாதிரிக் கிடக்கு?"

ஹெல்கா அன்ரிக்குத் தமிழ் விளங்காது. நான் மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. "உங்கள் மெட்டில் நான் கை வைத்தேனா? இல்லையே. அது நிற்கிற தரையைத்தான் கொஞ்சம் நகர்த்தினேன்" என்றார். அதைத் தமிழில் சொன்னபோது செல்வி அக்காவின் முகம் இன்னும் கடுமையாகியது.

அன்று அவருடைய பையை வீடுவரை தூக்கிப் போனதில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. நான் கலியாண வீடுகளில் பேஸ் கிட்டார் வாசித்துத் திரிந்தவன். பிறகு ஆளுயர டபுள் பேஸ் பழகியிருந்தேன். அதைக் கேட்டதும், எழுதிக்கொண்டிருப்பதை வாசித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். எக்ஸ்ரே அறையிலிருந்து அலுத்துப்போய் அவர் வீட்டுக்குப் போவேன். அவரும் அலுத்திருப்பார். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, அதிகம் பேசாமல் இசைத்தாளை முன்னால் வைப்பார்.

பேசிய நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பிறந்தது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய நகரம். அப்பா தேவாலய ஓர்கன்காரர். ஜாஸ் கேட்பது சந்தேகத்துக்கு இடமான காரியமாக இருந்ததால், வீட்டுக் குசினி வானொலியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டிருக்கிறார். இசைக் கல்லூரியில் அவர் எழுதியதைப் பார்த்த பேராசிரியர், இது நம்முடையது அல்ல என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். லண்டனுக்கு வந்தபின் ஜாஸ்காரர்கள், எல்லாவற்றையும் எழுதிவைத்தால் இதில் விடுதலை எங்கே என்று கேட்டார்களாம். "ஒரு வீட்டில் நான் குடிகாரி, அடுத்த வீட்டில் பள்ளிக்கூட டீச்சர்" என்று சிரிக்காமல் சொல்வார்.

அவருடைய கடைசிப் பெரிய படைப்பு சாக்ஸபோனுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமானது. அதன் நடுவில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அங்கே டபுள் பேஸ் வாசிப்பவர் தனக்குத் தோன்றுவதைத் தன்பாட்டில் வாசிக்க வேண்டும். அவர் முடிக்கும்வரை மற்ற எல்லோரும் சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓர் இசைவிழாவை நடத்துகிறவர்கள் அதை மேடையேற்ற ஒப்புக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: அந்தப் பக்கத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாத ஒன்றை மேடையில் வைக்க ஏலாதாம்.

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அதுவரை இப்படியான பல வாய்ப்புகளை மறுத்தவர். ஆனால் அவருக்கு வந்திருப்பது தீராத நோய் என்று உறுதியாகியிருந்த நேரம் அது. "எனக்குச் சண்டை போட்டு அலுத்துவிட்டது. ஒருமுறையாவது ஒரு மண்டபத்தில் இதைக் கேட்க வேண்டும்" என்று பேனையை எடுத்தார்.

விழாவில் தொழில்முறைக் கலைஞர்கள் பிசகில்லாமல் வாசித்தார்கள். கைதட்டல் நீண்டது. அன்ரி எழுந்து தலைகுனிந்தார். திரும்பி வரும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு, "நன்றாக வாசித்தார்கள். ஒருவரும் ஒருவருக்காகவும் காத்து நிற்கவில்லை" என்றார்.

நான் இதைச் செல்வி அக்காவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை; யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அக்கா கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். "எங்கட சேர்ச் ஹோலில வாசிச்சால் என்ன? அந்தப் பக்கத்தை வெறுமையாவே விட்டிட்டு."

"ஆக்களுக்குப் பிடிக்காது அக்கா."

"பிடிக்காட்டி தேத்தண்ணியோட ரோல்ஸைத் திண்டிட்டுப் போகட்டும்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அது நடந்தது. தெரிந்த வயலின், செலோக்காரர்கள் வந்தார்கள். சாக்ஸபோனுக்கு அன்ரியின் பழைய நண்பர் ஒருவர். டபுள் பேஸுக்கு நான். தேநீர்க் கொதிகலன் மூலையில் இரைந்துகொண்டிருந்தது. அன்ரி முன்வரிசையில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார். மருந்தின் மயக்கம். முதல் பகுதி முடிவதற்குள் தலை செல்வி அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டது. நிறுத்துவதா என்று கண்ணால் கேட்டேன். வாசியுங்கோ என்று அக்கா கையைக் காட்டினார்.

வெறும் பக்கம் வந்தது. நன்றாகத்தான் தொடங்கினேன். பிறகு வழி தவறியது. போன இடத்திலிருந்து திரும்பத் தெரியவில்லை. விரல்கள் வியர்த்து வழுக்கின. மற்றவர்கள் அந்தச் சுரக்கூட்டை விடாமல் பிடித்திருந்தார்கள். ஒரு வயலின்காரி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். எப்படியோ வந்து சேர்ந்தேன்.

எல்லோரும் கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோதுதான் அன்ரி கண் விழித்தார்.

"வாசித்து முடித்தீர்களா?"

"ஓம் அன்ரி."

"அந்தப் பக்கம்?"

"நடுவில் தொலைந்துபோனேன். வர நேரமாகிவிட்டது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்."

"நின்றார்களா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ வரும்வரை?"

"வரும்வரை."

"அப்படியென்றால் நான் எழுதியது சரி" என்று சொல்லிவிட்டு, செல்வி அக்காவிடம் கையை நீட்டி ஒரு ரோல்ஸ் கேட்டார்.

அன்று நான் வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. ஒரு சுரம்கூட எனக்கு நினைவில்லை. அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களிடம் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. வழி தெரியாமல் தடுமாறியபோது, களைத்த கைகளோடு என்னைச் சுற்றி நின்றவர்கள் பிடித்திருந்த அந்த ஒலி மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.