மூன்று மணிக்கு எழுந்துவிடும் கால்கள்

எங்களோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர், ஆறடிக்கு மேல் நல்ல உயரம். வல்லக்கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலை அவரை வேலைக்கு எடுத்ததே கூடைப்பந்து அணிக்காகத்தான். பத்து வருடம் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கே வேலையை விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர். எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். முழங்கால் போனதும் அவரும் முழு ஷிப்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனாலும் மூன்று மணி ஆனால் எழுந்து கேட் வரை போய்விடுவார். வாட்ச்மேனும் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிடுவார். பிறகுதான் இருவருக்கும் நினைவு வரும்.

“இன்னாண்ணா, இன்னிக்கும் போய்ட்டியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆட்டம் முடிஞ்சதுன்னு எனக்குத் தெரியுதுப்பா. கால் நம்ப மாட்டேங்குது,” என்று சிரித்தார்.

ஒருமுறை போனவர் திரும்பவில்லை. சூப்பர்வைசர் கோபமாக மெமோ எழுதி எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார். அரைமணி ஆகியும் சூப்பர்வைசரையும் காணோம். அண்ணன் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டதோ என்று பயந்து, கேட்டுக்கு வெளியே கேன்டீன் பின்னால் இருந்த மைதானத்துக்கு ஓடினேன்.

சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பந்தோடு வளையத்துக்கு எதிரே நின்றிருந்தார்.

“முட்டிய மடக்கி எம்பணும் சார்,” என்றார் அண்ணன்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். “நீ போப்பா. இது ஒண்ணு உள்ள வுழட்டும், வந்துர்றோம்.”

அந்த மெமோ என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.