வரிசையில் தங்கிப்போன சேதி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் பழைய மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "குமார், நம்ம பிலோமினா போய்ட்டாங்கப்பா. வூட்ல மயங்கி வுழுந்தவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பிலோமினாவுக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா வடக்குப்பட்டுக்காரர். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே சி மொழியில் நிரல் எழுதக் கற்றவர். ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 2009-ல் நான் சேர்ந்தபோது பக்கத்து மேசை அவருடையது. நான் கோவில்பட்டியிலிருந்து பொறியியல் பட்டத்தோடு வந்தவன். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது.

தினமும் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் அரைமணி நேரம் அவர் உற்பத்தி நடக்கும் லைனில் போய் நிற்பார். ஏன் என்று கேட்டேன். "புரோகிராம் ஒழுங்கா ஓடுதான்னு ஸ்கிரீன்ல தெரியாது குமார். அத்த வச்சி வேலை செய்றவங்க மூஞ்சில தெரியும்" என்றார்.

எனக்குத் தரப்பட்ட முதல் பெரிய வேலை கசிவுச் சோதனை இயந்திரம். இரண்டு நிரல்கள் எழுதினேன். குழாயில் காற்றை அடைத்துப் பார்த்து 'சரி' அல்லது 'கசிவு' என்ற முடிவை முதல் நிரல் அனுப்பும். இரண்டாவது, வைத்த குழாயின் எண்ணைப் படித்து, அந்த முடிவை வாங்கிச் சேர்த்து லேபிள் அச்சடிக்கும். இரண்டும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. கணினி தன்னிடம் வைத்திருக்கும் ஒரு வரிசையில் ஒன்று சேதியைப் போடும், மற்றது எடுக்கும். முதலில் வந்த சேதி முதலில் போகும்.

அதைப் படித்துப் பார்த்த பிலோமினா, "முடிவ மட்டும் அனுப்புறீங்களே, அது எந்தக் குழாயோடதுன்னு நம்பரையும் சேத்து அனுப்பக் கூடாதா?" என்றார்.

"வரிசையாத்தான வருது, எதுக்கு?" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு குழாய் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. அது கசிந்தது. லேபிளில் 'சரி' என்றிருந்தது. சோதனை இயந்திரத்தின் பதிவிலோ 'கசிவு' என்றிருந்தது. ஆகவே லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். பழி அங்கே லேபிள் ஒட்டும் இசக்கியம்மாள் மீது விழுந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி. சூப்பர்வைசர் லைனில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பெண்ணைத் திட்டினார். ஷிப்ட் முடிந்ததும் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேலாளர் என்னிடம் கேட்டார். "புரோகிராம்ல தப்பில்ல சார்" என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிலோமினா எழுந்து லைனுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அன்னிக்கி மிஷின் எதுனா மக்கர் பண்ணுச்சாம்மா?"

"லேபிள் பேப்பர் சிக்கிட்டுக்கா. சூப்பர்வைசர் அண்ணன் லேபிள் புரோகிராம நிப்பாட்டிட்டு மறுபடி போட்டாவ. நடுவுல வச்ச குழாய்க்கு லேபிள் வரல. அதனால அதையே திரும்ப வச்சேன். அதுக்கப்புறம் வந்ததத்தான் ஒட்டுனேன். சத்தியமாக்கா."

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லேபிள் நிரலை நிறுத்தினார். ஒரு நல்ல குழாயைச் சோதித்தார். லேபிள் வரவில்லை. நிரலைத் தொடங்கி அதே குழாயை மறுபடி வைத்தார். 'சரி' என்று வந்தது. பிறகு ஊசியால் துளையிட்ட ஒரு குழாயை வைத்தார். இயந்திரத்தில் 'கசிவு'. லேபிளில் 'சரி'.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எடுக்க வேண்டிய நிரல் நின்றுபோனாலும் வரிசையில் போட்ட சேதி அழிவதில்லை. யாராவது எடுக்கும்வரை அங்கேயே இருக்கும். நல்ல குழாயை இரண்டு முறை சோதித்ததால் இரண்டு சேதிகள் சேர்ந்து, இரண்டாவது அடுத்த குழாய்க்குப் போய்விட்டது. பேப்பர் சிக்கிய அன்று, அதன்பின் ஒவ்வொரு குழாய்க்கும் அதற்கு முந்தைய குழாயின் முடிவே அச்சாகியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து கணினியை அணைத்ததும் வரிசையும் போனது, தடயமும் போனது.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. பிலோமினாவுக்கு அது தெரியும்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றார். நான் மேலாளர் அறைப் பக்கம் பார்த்தேன். "உங்களுக்குப் பயமா கீதா குமார்?"

"ஆமா."

"எனக்குந்தான். வாங்க, ரெண்டு பேருமா போலாம்."

மேலாளர் அறையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. புரோகிராம்ல தப்பு. நானும் படிச்சிப் பாத்து கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேர் தப்பு."

தான் முன்பே எச்சரித்ததைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இல்ல சார். மேடம் அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றேன்.

இசக்கியம்மாள் வேலையில் தொடர்ந்தார். அந்த நாளில் போன பெட்டிகள் எல்லாம் திரும்ப வரவழைக்கப்பட்டன. எனக்கு நிரந்தர வேலை ஆறு மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். மறுநாள் சூப்பர்வைசரிடம் பிலோமினா போய், "எல்லார் முன்னாடியும் திட்னீங்க இல்ல, சாரியும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க சார்" என்றார். அந்த மனிதர் முனகினார், ஆனால் சொன்னார். இசக்கியம்மாள் தலை நிமிர்ந்து அதைக் கேட்டதை நான் பார்த்தேன். அதன்பின் இருவரும் உட்கார்ந்து நிரலைத் திருத்தினோம். சேதியோடு குழாயின் எண்ணும் போனது. எண் பொருந்தாவிட்டால் லேபிள் அச்சாகாது.

பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறினேன், அவர் அங்கேயே இருந்தார். இன்று என் குழுவில் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஏதாவது பிழை என்று செய்தி வந்தால், லைனில் இருப்பவரிடம் முதலில் பேசாமல் யாரும் பதில் எழுதக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது யாரிடம் கற்றது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை அடக்கத்தின்போது எங்கள் பழைய தொழிற்சாலையின் முதல் ஷிப்ட் பஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வந்து நின்றது. உடைமாற்ற நேரமில்லாமல் நீலச் சட்டையோடு பெண்கள் இறங்கினார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஒவ்வொருவராக வந்து ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு, அவருடைய மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

பிலோமினா, நான் நன்றி சொன்னபோதெல்லாம் "இன்னாத்துக்கு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவீர்கள். காரணத்தை இன்று முழுதாக எழுதிவிட்டேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.