மாமனாருக்கு வைத்த சோறு

என் மாமியாரைப் பொறுத்தவரை நான் கூரை வேய வந்த ஆள். நான் அவருடைய மருமகன் என்பதை எப்போது மறந்தார் என்று தெரியாது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். "இன்னும் மேலே ஏறலையா நீ? மழை வந்தா என் அரிசியெல்லாம் நனையும்" என்று மலாயில் சத்தம் போட்டார். அந்த வீட்டில் அத்தாப்பு ஓலைக் கூரையை எடுத்து ஓடு போட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதைப் பொறுமையாகச் சொன்னேன். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். டை கட்டிக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற குமாஸ்தாவை, மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவில் போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி "சோம்பேறி, சோம்பேறி" என்று திட்டினால் எப்படி இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஏணி வைத்து ஏறி ஓடுகளைத் தட்டிக் காட்டினேன். கீழே நின்று பார்த்துவிட்டு, "யார் அந்தத் திருடன்?" என்று கத்த ஆரம்பித்தார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. ஊரெல்லாம் புதுக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மனைவி நான்காவதைச் சுமந்துகொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாமியாரைப் பற்றி அவர் சொன்னது ஒரே சொல்: "ஞாஞோக்." வயதாகிப் புத்தி தடுமாறுகிறவர்களை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். மருந்து உண்டா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

மனைவியின் குடும்பம் மலாக்காச் செட்டிகள். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் இங்கேயே பெண் எடுத்து உண்டான சமூகம். சாமி கும்பிடுவதில் எங்களைவிட ஒரு படி மேலே. ஆனால் வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். நானோ ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்து, தமிழ்ச் சங்கத்தில் மேடை ஏறிப் பேசுகிறவன். மனைவி எனக்காகத் தமிழ் கற்றுக்கொண்டாள்; என்னை அபாங் என்றும் அம்மாவை மாக் என்றும் கூப்பிடுவது மட்டும் மலாயிலேயே நின்றது. மாமியார் கற்றுக்கொள்ளவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னக் குறை இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கூரைத் தொல்லையைக்கூடச் சகித்திருப்பேன். சாப்பாட்டுத் தொல்லைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. போகிப் பண்டிகையன்று செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். இறந்தவர்கள் உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பிறகு இலையை எடுத்த பின்தான் உயிரோடு இருப்பவர்களுக்குச் சோறு. வருஷத்தில் ஒரு நாள் நடப்பது இது. மாமியாருக்கு நாள் கணக்கு அழிந்துபோனதும் எல்லா வேளையும் பார்ச்சு ஆகிவிட்டது. தட்டில் சோற்றைப் போட்டதும் பாதியைப் பிரித்து எதிரே தள்ளி வைப்பார். அது என் மாமனாருக்கு. அவர் இறந்தது ஜப்பான்காரன் காலத்தில். பிறகு மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்து மாமனாரின் பங்கை மரியாதையாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகுதான் தன் பங்கைத் தொடுவார். எடுக்காவிட்டால் தொடவே மாட்டார். அவசரப்படுத்தினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

மனைவிக்கு இது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. "அப்பா சாப்ட்டாரு, மாக்" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுத்துப் போவாள். அவள் படுத்த பிறகு அது என் தலையில் விழுந்தது. காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும். இட்டலியில் பாதி செத்துப்போன மாமனாருக்காக ஆறிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உன் அப்பா இவ்வளவு மெதுவாவா சாப்டுவாரு?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"அவருக்குப் பல்லு இல்ல அபாங்" என்றாள் மனைவி படுக்கையிலிருந்து. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் மாமியார் கொசுவலைக்குள் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். வலை பற்றிக்கொண்டது. சின்னவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு இவரை எங்காவது சேர்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் வந்தார். அம்மாவை இல்லத்தில் விடுவது குடும்பத்துக்கே அவமானம் என்று அரை நாள் பேசினார். கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டதும், மத்தியான ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்தக் காலத்தில் தேர்ந்தெடுப்பதற்கு நிறைய இடங்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று உஜோங் பாசிரில் கன்னியாஸ்திரிகள் நடத்தியது. மற்றது செங் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பலகை பங்களாவில், நம்மவர்கள் நடத்தியது. மனைவி டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு டாக்சியில் எங்களோடு உஜோங் பாசிருக்கு வந்தாள்.

உள்ளே நுழைந்ததும் மீன் குழம்பு வாசனை வந்தது. கூடத்தில் போர்த்துகீசிய வம்சத்துக் கிழவிகளும் சீனக் கிழவிகளும் உட்கார்ந்து மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சீனப் பாட்டி மாமியாரின் கெபாயாவைப் பார்த்துவிட்டு, "எங்கேடி வாங்கின இந்தச் சட்டை ஊக்கை? ஊசி மழுங்கிப்போச்சே" என்றாள். மாமியார் உடனே பக்கத்தில் உட்கார்ந்து பதிலுக்கு அவள் கொண்டையைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

பொறுப்பிலிருந்த கன்னியாஸ்திரி குண்டான, சுறுசுறுப்பான பெண். சாப்பாடு எப்படி என்று கேட்டார். மனைவி ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியாஸ்திரி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இங்கே ஒருத்தி பூனைக்கு ஊட்டாமல் சாப்பிட மாட்டாள். பூனை செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. உன் அப்பாவும் வந்து சாப்பிட்டுப் போகட்டும், ஒரு தட்டுதானே" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோசிக்கலாம் என்று சொல்லித் திரும்பிவிட்டோம். இரண்டொரு நாளில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ்ச் சங்கத்தில் எனக்கு மூத்தவர். செங் இல்லத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர்தான் முன்னால் நின்றார்.

"என்ன தம்பி, மாமியாரச் சிலுவைக்குக் கீழ படுக்க வைக்கப் போறீங்களாமே?" என்றார், கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்க்கும்படி.

"இன்னும் முடிவு பண்ணலண்ணே."

"மேடையில தமிழன் ஒத்துமைன்னு பேசுறீங்க. சொந்த வீட்டுக் கிழவிய வெள்ளக்காரன் சாமிக்கிட்ட அனுப்புறீங்க. நாடே நம்ம கைக்கு வந்துருச்சு. நமக்குன்னு ஒரு எடம் இருக்கறப்ப அங்க எதுக்கு?"

"அவங்களுக்குத் தமிழ் வராதுண்ணே."

"வரலைன்னா என்ன, அங்க வந்து கத்துக்கட்டும். அந்தச் செட்டி சனங்க பழக்கவழக்கமும் கொஞ்சம் சுத்தமாகும்."

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் செங்கில்தான் சேர்க்கப்போகிறேன் என்றேன். அங்கே கோயில் இருக்கிறது, சுத்த சைவம், நம்ம ஆட்கள் என்று என்னென்னவோ அடுக்கினேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மாக்குக்கு அந்த எடம் புடிச்சிருந்துச்சு அபாங். நீங்க பாத்தீங்கதானே" என்றாள். நான் குரலை உயர்த்தினேன். படுத்திருந்த அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கடைசியில், "சரி. ஆனா அப்பா தட்டு விஷயத்த மறக்காம சொல்லிடுங்க. இல்லன்னா அவங்க பட்டினி கெடப்பாங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

துணிக்கடைக்காரர் தன் காரிலேயே எங்களைச் செங்குக்கு அழைத்துப் போனார். இல்லத்து மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கட்டிலுக்கு மெத்தையைத் தானே தட்டிப் போட்டார். என்னிடம், "சார், அம்மாவுக்குச் சாப்பாட்டுல, தூக்கத்துல ஏதாச்சும் தனிப் பழக்கம் இருக்குங்களா? முன்னாடியே சொல்லிட்டா எங்களுக்குப் பாத்துக்க வசதியா இருக்கும்" என்று கேட்டார்.

துணிக்கடைக்காரர் என் பக்கத்தில் நின்றார். செத்தவனுக்குத் தினம் மூன்று வேளை படையல் போடுகிறவர் என் மாமியார் என்று அவர் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே அது கடையில் சிரிப்பாகியிருக்கும். "ஒண்ணும் இல்ல. நல்லாச் சாப்பிடுவாங்க" என்றேன்.

மாமியார் என்னைக் கூப்பிட்டு, "கூரையை முடிச்சிட்டுப் போ" என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சில வாரங்களுக்குள் குழந்தை பிறந்தது. பெண். மனைவி வீட்டு வழக்கப்படி பிள்ளை பெற்றவள் பத்திய நாட்கள் முடியும் வரை வாசல் தாண்டக் கூடாது. அதனால் அவள் செங்குக்குப் போக முடியவில்லை. நானும் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு நாள் அலுவலகத்துக்கு மேற்பார்வையாளர் டெலிபோன் செய்தார். "அம்மா சரியாவே சாப்புட மாட்டேங்கறாங்க சார். தட்ட வெச்சா பாதியத் தள்ளி வெச்சிட்டு சுவத்தப் பாத்து உக்காந்துக்கறாங்க. வேணாம்போலன்னு எடுத்துட்டுப் போயிடறோம். கோவமா, என்னன்னு புரியல."

அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. துணிக்கடைக்காரர் இல்லை, தலைமைக் குமாஸ்தாகூட இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். முதலில் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பாரே என்று நினைத்தேன். "புது எடம், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் டீ குடிக்கப் போனேன்.

பத்தியம் முடிந்ததும் மனைவி முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்துச் செங்குக்குப் போனாள். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் கூடத்தில் பாயில் கிடந்தார். கெபாயாவுக்குள் ஆளே இல்லாததுபோல் இருந்தது. மனைவி கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி எதிரெதிரே வைத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து, மற்றதை ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் உள்ளே போனது.

என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "நீங்க அவங்ககிட்ட சொன்னீங்கதானே?"

"சொன்னேன்."

"சொல்லியுமா இப்படிச் செஞ்சாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, அந்த மாதமே இறந்துபோனார். டாக்டர் நுரையீரல் என்றார். சாப்பிட்டிருந்தால் தாங்கியிருப்பாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இறுதிச் சடங்கன்று மேற்பார்வையாளர் செங்கிலிருந்து சைக்கிளில் வந்தார். கையில் ஒரு மாலை. அவர் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்துவதை மனைவி பார்த்துவிட்டாள். "அந்த ஆளு உள்ள வரக் கூடாது. போகச் சொல்லுங்க அபாங்" என்றாள். உறவினர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கிப் போனேன்.

"ஊட்டிக்கூடப் பாத்தோம் சார். வாயத் தொறக்கல. எங்க தப்பு பண்ணோம்னே தெரியல" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"இப்ப வேணாம். வீட்டுல மனசு சரியில்ல. நீங்க போங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மாலையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை நடந்துபோனார்.

பிறகு மனைவி அந்த மனிதரைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொன்னாள். நாங்கள் சொல்லிவிட்டு வந்தும் கிழவியைப் பட்டினி போட்டவர் என்று. காஜா பெராங்கில் செட்டி வீடுகளிலிருந்து யாரும் அந்த இல்லத்துக்குப் போகவில்லை. துணிக்கடைக்காரரின் குழு அவரை வேலையைவிட்டு நிறுத்தியது. அதற்கு முன், மாமியார் ஏன் சாப்பிடாமல் கிடந்தார் என்று என்னையும் கூட்டத்துக்கு அழைத்துக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாழ்நாள் முழுவதும் நேரம் இருந்தது. மேற்பார்வையாளர் உயிரோடு இருந்தால் அவருக்கு என்னைவிட வயது அதிகம் இருக்காது. அவருடைய தம்பி மகன் இன்னும் செங்கில்தான் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. இதை எழுத உட்கார்ந்தேனே தவிர, இன்னும் போகவில்லை.